மானைப் பெருக்கியவன்

சர்ர்க்... சர்ர்க்...

குடிலுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் மாதப்பன் நின்றுவிட்டான். இருட்டி அதிக நேரம் ஆகவில்லை. இருட்டிய பிறகு அந்தக் காட்டில் எழுகிற சத்தம் ஒவ்வொன்றும் அவனுக்குப் பழக்கம். பாம்பு சருகில் நழுவுவது, பன்றி மண்ணைக் கிளறுவது, ஆந்தை கிளையில் வந்து உட்காருவது, எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். இது எதுவும் இல்லை. இரண்டு இழுப்பு, கொஞ்சம் நிறுத்தம். மறுபடி இரண்டு இழுப்பு.

விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லக் கிட்டே போனான்.

குருவம்மாள் குடிலுக்கு முன்னால் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னங்கம்மா இது! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். விளக்கு வெச்ச பொறகு யாராச்சும் பெருக்குவாங்களா? லட்சுமி வெளியில போயிருவாளே.”

“உள்ளே வந்திருந்தாத்தானே அண்ணா போறதுக்கு?”

சிரித்துக்கொண்டே சொன்னாள். கை நிற்கவில்லை.

குருவம்மாள் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர். பேர் பொருத்தத்தில் சாமியாரானவள் என்று சந்தையில் கிண்டல் செய்வார்கள். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு வந்தாள். காட்டோரத்தில் ஒரு குடில் போட்டாள். காவி கட்டவில்லை, திருநீறு கொடுக்கவில்லை. ஆனாலும் மனசில் ஏதாவது உறுத்தினால் ஜனங்கள் அங்கேதான் போனார்கள்.

மாதப்பன் அவளைவிட இருபது வயது மூத்தவன். கடம்பன்துறை ஜமீனின் வேட்டைக்காட்டுக்குக் காவல். விறகு திருடுகிறாளா என்று பார்க்கத்தான் முதலில் போனான். போன இடத்தில் ஒரு கேள்வி கேட்டான். அன்றிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறான். அவன் அவளை அம்மா என்பான். அவள் அவனை அண்ணா என்பாள். குரு, சீடன் என்கிற பேச்சே இருவருக்கும் நடுவில் வந்ததில்லை.

“எசமான் வேட்டைக்கு வந்திருந்தாருங்கம்மா” என்றான்.

“ம்.”

“ஒரு ஆண்மானைச் சுட்டாரு. கொம்பைப் பிடிச்சு ஒத்தைக் கையால தூக்கினாரு. தூக்கிப் பாத்துட்டு வீசிட்டாரு. ‘உன்னை மான் வளக்கச் சொன்னா நீ வெள்ளாடு வளத்து வெச்சிருக்கியேடா’ன்னாரு. பக்கத்துல நின்ன துரை சிரிச்சான்.”

“அப்புறம்?”

“அடுத்த கார்த்திகைக்கும் இதே மாதிரி இருந்துச்சுன்னா காட்டை வெட்டிட்டுக் காப்பித் தோட்டம் போட்டுருவாராம்.” விளக்கைக் கீழே வைத்தான். “நான் எங்கேயாச்சும் போய்ப் பொழைச்சுக்குவேன். இதுங்க எங்கம்மா போகும்?”

குருவம்மாள் நிமிர்ந்தாள்.

“முதல்ல உங்களை என்ன செய்யச் சொன்னார்?”

“மானைப் பெருக்குடான்னாரு.”

“பெருக்கினீங்களா?”

“பெருக்காம? எங்கப்பன் காலத்துல இருந்ததுக்கு இப்ப மூணு மடங்கு. கொள்ளு, கேழ்வரகு, உப்புக்கட்டி, எல்லாம் என் கையால போடறேன். வெள்ளமாட்டம் பெருகியிருக்கு. ஆனா ஒண்ணுக்கும் உடம்பு பெருக்க மாட்டேங்குது. நெஞ்சு ஒடுங்கி, கழுத்து சூம்பி... அதுக்கு என்னம்மா செய்யறது?”

அவள் விளக்குமாற்றை அவனிடம் நீட்டினாள்.

“பெருக்குங்க.”

அவன் வாங்கிக்கொண்டான். கேட்டதற்குப் பதில் வரும் என்று நினைத்து, விளக்கு வெளிச்சத்தில் மூலை முடுக்கெல்லாம் பெருக்கினான். பெருக்கி முடித்தபோது அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“காலையில காட்டுக்கு வர்றேன் அண்ணா” என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் அவளைத் தீனித் தொட்டிக்கு அழைத்துப் போனான். வாயைக் குவித்து, “ஓ... பா! பா!” என்று ஒரு குரல் கொடுத்தான்.

காடே எழுந்து வந்த மாதிரி மான்கள் வந்தன. இடித்துக்கொண்டும் முட்டிக்கொண்டும் தொட்டியைச் சூழ்ந்தன. மாதப்பன் முகம் மலர்ந்துவிட்டது.

“அவதான் செம்பி. அது அவ மக. இந்தக் காது கிழிஞ்சவன் இருக்கானே, சரியான போக்கிரி. டேய், தள்ளுடா, அவளும் தின்னட்டும்!”

ஒரு சின்னப் பெண்மான் அவன் கையிடுக்கில் தலையை நுழைத்தது.

“இது பொட்டு. தாயைச் செந்நாய் கொண்டுபோயிருச்சுங்கம்மா. துணியில ஆட்டுப்பாலை நனைச்சு நனைச்சு நான்தான் காப்பாத்தினேன். ராத்திரியெல்லாம் என் நெஞ்சு மேலதான் தூங்கும். இப்பவும் நான் குரல் கொடுத்தாத்தான் தின்னும், பாருங்க.”

குழந்தை எட்டிப் பொட்டுவின் காதைப் பிடித்தது. பொட்டு அசையாமல் நின்றது.

குருவம்மாள் மான்களைப் பார்த்தாள். விலா எலும்பு ஒவ்வொன்றும் வெளியே தெரிந்தது. பிறகு மரங்களைப் பார்த்தாள்.

“யாரு அண்ணா இந்த மரத்துக்கெல்லாம் ஒரே மட்டமா முடி வெட்டிவிட்டது?”

ஒரு மான் பின்னங்காலில் நின்று கழுத்தை நீட்டினால் எட்டுகிற உயரம் வரைக்கும் எந்த மரத்திலும் ஓர் இலை இல்லை. தரையில் புதர் இல்லை. ஒரு மரக்கன்று, ஒரு கொடி இல்லை. புல் வேரோடு மேயப்பட்டு, மண்தான் பளபளத்தது.

“சுத்தமா இருக்கில்லைங்க?” என்றான் மாதப்பன். “ஒரு சிறுத்தை பதுங்க முடியாது. பெருக்கிவிட்ட மாதிரி...”

சொன்னவன் பாதியில் நிறுத்தினான்.

“ஆமாண்ணா. நீங்க மானைப் பெருக்கினீங்க. மான் காட்டைப் பெருக்கிடுச்சு.”

அவன் கை பொட்டுவின் முதுகில் அப்படியே நின்றது.

குருவம்மாள் கேட்டாள். “இதுங்க எதுக்குப் பயப்படும்?”

“எதுக்குமே பயப்படாதுங்கம்மா!” அதைச் சொல்லும்போது அவனுக்குப் பெருமை திரும்பிவிட்டது. “இருந்த செந்நாயை எல்லாம் விரட்டியாச்சு. அதுங்க வர்ற கணவாயில இந்தப் பாறைக்கும் அந்தப் பாறைக்குமா முள்ளை வெட்டி அடைச்சு வெச்சிருக்கேன். ஒரு முயல்கூட நுழையாது.”

“பயம் இல்லாத மான் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் நடக்கும்?”

“அது எதுக்கு நடக்கணும்? தொட்டி இங்கேதானே இருக்கு.”

அவள் பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் அவனைச் சுட்டது.

“முள்ளை எடுக்கச் சொல்றீங்களா?”

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“எடுக்க மாட்டேன்.”

“சரி அண்ணா.”

“எம்புள்ளைங்கம்மா இதுங்க.”

“தெரியுது.”

“உங்க புள்ளையா இருந்தா நீங்க எடுப்பீங்களா?”

குருவம்மாள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அதன் தலையில் முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

மாதப்பனுக்குக் கோபம். அதன்பிறகு குடில் பக்கமே போகவில்லை. பிள்ளை பெற்றவள் பேசுகிற பேச்சா இது என்று விறகு வெட்டும்போதெல்லாம் கோடாலியிடம் சொல்லிக்கொண்டான்.

பனிக்காலம் வந்தது. இருந்த கொஞ்சம் புல்லும் கருகியது. மான்களுக்கு ரோமம் உதிர்ந்தது. சில குட்டிகள் பிறந்த இடத்திலேயே கிடந்தன. மாதப்பன் பதறிப்போய்த் தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பினான். தனக்கு வைத்திருந்த கேழ்வரகையும் கொட்டினான்.

விடிந்து பார்த்தால் செம்பி தொட்டிக்குப் பக்கத்தில் கால் நீட்டிக் கிடந்தாள். வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. வாயோரத்தில் கொள்ளு ஒட்டியிருந்தது. அவள் மகள் பக்கத்தில் நின்று இன்னும் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

அவன் குடிலுக்கு ஓடினான். வாசலில் உட்கார்ந்தான்.

“பசியில சாகலைங்கம்மா. பசியில செத்திருந்தா எம்மனசு தேறியிருக்கும். நான் போட்டதைத் தின்னு செத்துப்போச்சு.”

குருவம்மாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அழுது முடிக்கும்வரை உட்கார்ந்தே இருந்தாள். குழந்தை தவழ்ந்து வந்து அவன் கால் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்தது.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மாதப்பனே சொன்னான்.

“கொடுவாள் வீட்ல இருக்கு. எடுத்துட்டுப் போறேன்.”

“இருங்க, நானும் வர்றேன்.”

கணவாயில் முள் இறுகிப் பின்னியிருந்தது. அவன் வெட்டினான், அவள் இழுத்துப் போட்டாள். இரண்டு பேர் கையிலும் ரத்தம். குழந்தை மரத்தடித் தூளியில் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து தொட்டியை அவன் ஒருவனாகவே கவிழ்த்துப் போட்டான்.

அதே வாரத்தில் ஜமீன் மாளிகைக்குப் போய்க் கைகட்டி நின்றான்.

“எசமான், கார்த்திகை வரைக்கும் கொம்பு இருக்கிற எதையும் சுட வேண்டாமுங்க.”

“சுடாம? நான் அதுங்களுக்குத் தாலாட்டா பாடறது?”

“கொம்பு கொஞ்சம் நீண்டதுமே குண்டு பட்டு விழுந்துருதுங்க. பெருசாகிற வரைக்கும் எதுவும் இருக்கறதில்லைங்க.”

ஜமீன்தார் அவனை மேலும் கீழும் பார்த்தார். “இது உன் புத்தி இல்லையே. யாரு சொன்னா? அந்தக் குடில்காரியா?”

“அவங்க ஒண்ணும் சொல்லலைங்க. அவங்க பேசாம இருந்தாங்க, எனக்காத் தோணுச்சு.”

“அவளுக்கு வேட்டையைப் பத்தி என்னடா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்க எசமான். நல்லாப் பெருக்குவாங்க.”

ஜமீன்தார் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “சரி, போ. கார்த்திகை வரைக்கும். அப்பவும் வெள்ளாடா இருந்துச்சோ, மரத்துல முதல் வெட்டு நீதான் போடணும், சொல்லிட்டேன்.”

மழை இறங்கியது. கணவாய் வழியாகச் செந்நாய்கள் வந்தன. கூட்டமாகக் குரைக்கிற ஜாதி இல்லை அது. ஒன்றையொன்று கூப்பிடச் சீழ்க்கை அடிக்கும். ஊதல் வைத்து ஊதியது போல் மெல்லிசாக இருக்கும்.

கணவாய்ப் பக்கத்து மான்கள் நடக்கத் தொடங்கின. இன்றைக்கு மேய்ந்த இடத்தில் நாளைக்கு நிற்பதில்லை. பெரிய மந்தை உடைந்து சின்னச் சின்னக் கூட்டங்களாயிற்று. நோஞ்சானும் நொண்டியும் குறைந்தன. அவை விட்டுப்போன இடங்களில் புல் முழங்கால் அளவு எழுந்தது. ஓடைக்கரையில் ஆண்டுக்கணக்கில் காணாத நாவல் கன்றுகள் தலைகாட்டின. அந்தக் கரையில் ஒரு நாள் மாதப்பன் ஓர் ஆண்மானைப் பார்த்தான். மழையில் நனைந்த தோல் எண்ணெய் தடவியது போல் இருந்தது. கழுத்து திரண்டிருந்தது. வளரும் கொம்பை மூடியிருக்கும் மென்தோல் இன்னும் உரியவில்லை. அதற்குள்ளேயே அது அவன் கை நீளத்துக்கு இருந்தது. அவனைக் கண்டதும் ஒரே தாவில் மறைந்துவிட்டது.

தன்னைப் பார்த்து ஒரு மான் ஓடியது அவனுக்கு அன்றுதான் முதல் தடவை. சந்தோஷமா வருத்தமா என்று தெரியாமல் வீடு வந்து சேர்ந்தான்.

ஆனால் அவன் வீட்டுப் பக்கத்து மான்கள் நடக்கவில்லை. பொழுது சாய்ந்து சீழ்க்கை கேட்டதும் அவை நேரே அவன் வாசலுக்குத்தான் ஓடிவரும். அவனும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வெளியே பாய்வான். வானத்தைப் பார்த்து ஒரு வேட்டு. செந்நாய்கள் போய்விடும். மான்கள் அவனைச் சுற்றி நின்று, கூரையில் தொங்குகிற வைக்கோலை இழுத்துத் தின்னும். பொட்டு அவன் கையை நக்கும்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

புரட்டாசி முடிகிற சமயத்தில் குருவம்மாள் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்தாள்.

“அந்தப் பக்கத்து மானைப் பாத்தீங்களாம்மா?” என்று ஆசையோடு கேட்டான்.

“பார்த்தேன் அண்ணா. கண்ணே பட்டுரும். இந்தப் பக்கத்து மானையும் பார்த்தேன்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் வாசலில் நின்றவை எல்லாம் விலா தெரிகிற வெள்ளாடுகள்.

“நாய் களைச்சுப்போச்சுங்கம்மா” என்றான் மெல்ல. “வேட்டுக்குப் பயந்து பயந்து, முந்தி வந்ததுல பாதிகூட வர்றதில்லை. இன்னும் ஒரு தடவை சுட்டேன்னா கணவாயைத் தாண்டிப் போயிரும். இனி திரும்பாது. எனக்குத் தெரியும். எல்லாம் நல்லாத் தெரியும். ஆனா அந்தச் சீழ்க்கை கேட்டதும் என் காலு எங்கிட்டக் கேக்காமலே ஓடுது.”

“ம்.”

“இன்னைக்குப் பொழுது சாயற வரைக்கும் நீங்க கூட இருக்கீங்களா?”

“இருக்கேனே.”

வீட்டுக்குள் குழந்தை அவள் மடியில் தூங்கிப்போயிற்று. வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, மரங்களுக்கு நடுவில் அடங்கியது. கதவு எப்போதும் போல் விரியத் திறந்து கிடந்தது.

ஓடைக்கு அப்பாலிருந்து முதல் சீழ்க்கை வந்தது.

இடதுபக்கத்திலிருந்து இன்னொன்று.

குளம்புச் சத்தம் தடதடத்து வந்து வாசலில் நின்றது. மாதப்பன் எழுந்திருந்தான். எப்போது எழுந்தான், எப்போது துப்பாக்கியை எடுத்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு கால் நிலைப்படியைத் தாண்டியிருந்தது.

“பொட்டு அங்கே நிக்குதும்மா.” துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான். “என்னையே பாத்துக்கிட்டு நிக்குது.”

“அதனாலதான் ஓடாம நிக்குது அண்ணா.”

அவன் திரும்பிப் பார்த்தான். குருவம்மாள் இடத்தை விட்டு அசையவில்லை.

“அவ நல்லா ஓடுவாளா?” என்று அவள் கேட்டாள்.

“தெரியாதுங்கம்மா.” அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. “ஓட விட்டதே இல்லையே.”

சீழ்க்கை கிட்டத்தில் கேட்டது. வாசலில் நின்ற மான்கள் காதை அங்கும் இங்கும் திருப்பின. ஆனால் கண் எல்லாம் அவன்மேல்தான்.

“எனக்குப் பயமா இருக்குதும்மா.”

“எனக்கும்தான்.”

“உங்களுக்கா?”

“தினமும். இவ தூங்கினதும் மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வெச்சுப் பாக்கிறேன். வெச்சுப் பாத்துட்டு, கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் வெச்சுப் பாக்கிறேன்.”

அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளில் அவளைப் பற்றி அவள் சொன்னது அது ஒன்றுதான்.

“அப்பப் பயமில்லாம இருக்கறது எப்படின்னு எனக்கு யாருங்கம்மா சொல்லுவாங்க?”

“அது எனக்குத் தெரியலை அண்ணா. பயத்தை வெச்சுக்கிட்டு உள்ளேயே இருக்கறது எப்படின்னு வேணும்னா... வந்து உக்காருங்க. ரெண்டு பேருமா இருந்து பாப்போம்.”

மாதப்பன் நிலைப்படிக்கு வெளியே இருந்த காலை உள்ளே எடுத்தான். துப்பாக்கியைச் சுவரில் சாய்த்தான். கதவின் இரண்டு பலகையையும் இழுத்து மூடினான். கடைசி இடுக்கில் பொட்டுவின் முகம் ஒரு கணம் தெரிந்தது.

வெளியே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒரு குளம்பு தரையை உதைத்தது. ஒரு மானின் அபாயக் குரல். அதன்பின் எல்லாக் குளம்புகளும் சேர்ந்து எழுந்து, கணவாய்ப் பக்கமாக, அவன் ஒருநாளும் கேட்டிராத வேகத்தில், தூரம் தூரமாகப் போயின.

அவன் கை கதவுக்குப் போயிற்று.

ஒருநாளும் போடாத தாழ்ப்பாள். துருவேறிக் கிடந்தது. மாதப்பன் நெற்றியைப் பலகையில் அழுத்திக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தள்ளி, கதவை உள்ளிருந்து தாழிட்டான்.